சுடலைமுத்து என்ற கடைசிப் பெயர்: நேட்டால் கப்பல் பட்டியலிலிருந்து நாங்குநேரிப் பக்கத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

கடனாநதி எழுதியது:

தென்னாப்பிரிக்காவில் டர்பனில் இருக்கும் ஒரு குடும்பத்துக்காகக் கேட்கிறேன். அங்கே நாலு தலைமுறையாக எல்லோருக்கும் கடைசிப் பெயர் ‘சுடலைமுத்து’. அது பூட்டனாரின் சொந்தப் பெயர். 1890-களில் ஒப்பந்தக் கூலியாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனவர். வருகிற பங்குனி உத்திரத்துக்கு இங்கே வர வேண்டும் என்று அந்தக் குடும்பம் ஆசைப்படுகிறது. எந்த ஊருக்கு, எந்த சாஸ்தா கோயிலுக்கு என்பதுதான் தெரியவில்லை.

கையில் இருப்பவை மூன்று. ஒன்று, கப்பல் பட்டியலின் ஒரு பக்க நகல். பெயர் சுடலைமுத்து, தகப்பன் பெயர் இசக்கி, வயது 24, ஜில்லா டின்னவேலி (திருநெல்வேலி), தாலுகா நாங்குநேரி. ஊர்ப்பெயர் ‘கொலம்’ என்று முடிகிறது. முன்பாதியில் மை ஊறிவிட்டது. சாதிக் கட்டத்தில் ‘மலபார்’ என்று இருக்கிறது. இரண்டு, அவர் அங்கே இறந்தபோது கொடுத்த இறப்பு அறிவிப்பு. பிறந்த இடம் ‘மெட்ராஸ்’ என்கிறது. மூன்று, வாய்வழிச் செய்தி: அவருக்கு ஒரு தம்பி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர், அந்த வழியில் ஒரு குடும்பம் சாஸ்திரி ஒப்பந்தத்தில் திரும்பி வந்து இப்போது கூடலூரில் இருக்கிறது.

டர்பனிலேயே ‘பிள்ளை’ என்று கடைசிப் பெயர் உள்ள இன்னொரு குடும்பமும் இதே பூட்டனார் வழி என்று சொல்கிறார்களாம். அதை எப்படிச் சரிபார்ப்பது? இங்கே நிலப் பதிவேடுகளில் தொடங்கலாமா?

தென்கரை எழுதியது:

நிலப் பதிவேட்டில் தொடங்காதீர்கள். அது கடைசி வேலை. டர்பன் பக்கத்திலேயே இன்னும் எடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் காலனி எண். நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, தனி வரிசை எண் கொடுத்தார்கள். உங்கள் நகலில் பெயருக்கு இடப்பக்கம் இருக்கும். ஒப்பந்தம் முடிந்த சான்று, திருமணப் பதிவு, 1895 சட்டத்துக்குப் பின் வந்த 3 பவுன் வரி தொடர்பான காகிதம் என்று எதைத் தேடினாலும் அந்த எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும். சுடலைமுத்து, முத்துசாமி, முனியன் போன்ற பெயர்கள் நூற்றுக்கணக்கில் வரும். எண் ஒருவருக்கு ஒன்றுதான். 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்ததில் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் போயிருக்கிறார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஏறத்தாழ சென்னைத் துறைமுகம் வழி. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் வேறொருவருடைய பூட்டனாரிடம் போய் நிற்பீர்கள்.

இரண்டாவது, உங்களிடம் இருப்பது ஒரே பக்கம் என்றால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களையும் வாங்குங்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. ஆனால் தட்டச்சு செய்த வடிவம் போதாது. கையெழுத்துப் பக்கத்தின் வண்ண நகல் வேண்டும். தட்டச்சு செய்தவருக்கு நாங்குநேரியும் தெரியாது, களக்காடும் தெரியாது. புரியாத எழுத்தை ஊகித்துப் போட்டிருப்பார்.

பக்கம் வந்ததும் உங்கள் ஆளுக்கு மேலே இருபது வரி, கீழே இருபது வரி படியுங்கள். கப்பலேறும் முன் தங்கவைத்த சென்னை டிப்போவில் ஒன்றாக வந்து சேர்ந்தவர்களுக்கு எண்களும் பெரும்பாலும் அடுத்தடுத்து விழும். கணவன், மனைவி, குழந்தை, அண்ணன் தம்பி தொடர் எண்ணில் இருப்பார்கள். சென்னை வழி போனவர்களில் வட ஆற்காடு ஜில்லாக்காரர்கள்தான் அதிகம். திருநெல்வேலிக்காரர்கள் குறைவு, நம் ஆட்கள் அதிகம் போனது இலங்கைக்குத்தான். ஆகவே ஒரு பக்கத்தில் ‘டின்னவேலி, நாங்குநேரி’ என்று இரண்டு மூன்று வரி சேர்ந்து வந்தால் அவர்கள் சேர்ந்தே கிளம்பியவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு வரியில் அழிந்த ஊர்ப்பெயர் பக்கத்து வரியில் தெளிவாக இருக்கலாம்.

அப்படிக் கிடைக்கவில்லை என்றால் அதே எழுத்தர் வேறு வரிகளில் போட்டிருக்கும் பெரிய எழுத்துகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ‘கொலம்’ என்பது சந்தேகமில்லாமல் குளம். காதால் கேட்டதை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் குளத்தை அப்படித்தான் எழுதினார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: அன்றைய நாங்குநேரி தாலுகா இன்றையது இல்லை. மலையடிவாரத்திலிருந்து கடல் வரை, இன்றைய ராதாபுரம் தாலுகாவும் சேர்ந்தது அது. சிங்கிகுளம், கூந்தன்குளம், இலங்குளம் மட்டும் பார்த்தால் போதாது. வடக்கன்குளம், கூடங்குளம் எல்லாமே அன்றைக்கு நாங்குநேரிதான். இன்றைய தாலுகா வரைபடத்தை வைத்துத் தேடுகிறவர்கள் பாதி ஊர்களை விட்டுவிடுகிறார்கள். இதே காரணத்தால், வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன்: சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உருவாகும் வரை திருநெல்வேலி ஜில்லா, செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர். தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும் பிரிந்தவை. பழைய பட்டியலில் ‘டின்னவேலி’ என்றால், செங்கோட்டை நீங்கலாக, இவ்வளவு பரப்பும் அடக்கம்.

ஊர்ப்பெயர் வருவாய்க் கிராமமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உட்கடைக் குடியிருப்பின் பெயரைச் சொல்லியிருக்கலாம். மேல, கீழ, வட, தென் என்ற முன்னொட்டைப் பெரும்பாலும் எழுத்தர் விட்டுவிடுவார். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருப்பதும் நம் பக்கம் சாதாரணம். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் இடைகால், தென்காசி பக்கம் ஓர் இடைகால்.

‘மலபார்’ என்பதைப் பார்த்துக் கேரளத்துக்குப் போய்விடாதீர்கள். அந்தக் காலத்துக் காலனி ஆவணங்களில் தமிழ் பேசுகிறவர்களையே அப்படி எழுதினார்கள். இறப்பு அறிவிப்பில் உள்ள ‘மெட்ராஸ்’ மாகாணத்தின் பெயர், அல்லது கப்பலேறிய துறைமுகம். அதை ஊராக எடுக்க வேண்டாம். வயது 24 என்பதை முன்பின் ஐந்து வருஷம் தளர்த்தி வையுங்கள். ஆள் சேர்த்த அரக்காட்டி சொன்னதும், டிப்போவில் பார்வைக்கு மதிப்பிட்டதும்தான் அது. உடல் அடையாளம் என்ற கட்டத்தில் உள்ள வடு, மச்சம் இவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த காகிதங்களில் அதே அடையாளம் திரும்ப வந்தால் ஆள் ஒன்றுதான் என்பதற்குப் பெயரை விட நல்ல சாட்சி.

பிள்ளை குடும்பம் பற்றி. நேட்டாலில் கடைசிப் பெயர் உருவானது ஒரே வழியில் இல்லை. ஒரு வீட்டில் வந்தவரின் பெயரே பிள்ளைகளுக்குக் கடைசிப் பெயராக உறைந்தது. இன்னொரு வீட்டில் வந்தவரின் தகப்பன் பெயர். வேறு வீடுகளில் பிள்ளை, முதலி, நாயக்கர், படையாச்சி போன்ற பட்டங்கள், அதுவும் சில இடங்களில் அங்கே போன பிறகு ஏற்றுக்கொண்டவை. ஆகவே அண்ணன் மக்கள் ‘சுடலைமுத்து’, தம்பி மக்கள் ‘பிள்ளை’ என்று ஆகியிருக்கவும் முடியும். இரண்டுக்கும் ஒட்டே இல்லாமல் இருக்கவும் முடியும். பெயரை வைத்து இரண்டு பக்கமும் முடிவு கட்டக் கூடாது. அவர்கள் மூதாதையின் காலனி எண்ணைக் கேளுங்கள். எண் இல்லை என்றால் அவர் சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்துப் போனவராக இருக்கலாம். அப்படிப் போனவர்கள் இந்தப் பட்டியலிலேயே வர மாட்டார்கள். எண் இருந்தால் அந்த வரியில் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும், அதோடு விஷயம் முடிந்தது.

இன்னொன்று. ‘முதல் கப்பலில் வந்தவர்’ என்று குடும்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தால் பட்டியலோடு ஒப்பிடாமல் எழுதி வைக்க வேண்டாம். 1866-லிருந்து 1874 வரை ஆள் அனுப்புவதே நின்றிருந்தது. பின்னால் வந்த உம்லாசி, உம்சிண்டோ போன்ற கப்பல்கள் எத்தனையோ தடவை போய் வந்தவை. கப்பல் பெயர் மட்டும் தெரிந்தால் பயன் இல்லை, வந்து சேர்ந்த தேதியும் வேண்டும்.

தட்டப்பாறை எழுதியது:

உங்கள் கையில் இருப்பதில் மிகப் பெரிய சொத்து கூடலூர்க் குடும்பம். அதைக் கடைசியில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டீர்கள். நேர் மூதாதையின் காகிதம் ஊரைச் சொல்லாதபோது அவர் கூடப்பிறந்தவரின் காகிதம் சொல்லும்.

இலங்கைக்குப் போனவர்களுக்கு நேட்டால் போல ஆளுக்கொரு ஒப்பந்தப் பதிவு கிடையாது. கங்காணி தன் ஊரிலும் சுற்று ஊர்களிலும் ஆள் சேர்த்து, முன்பணம் கொடுத்து, துண்டு (கடன் சீட்டு) எழுதிக் கூட்டிப்போனார். துண்டு முறை 1921-ல்தான் ஒழிந்தது. திருநெல்வேலிக்காரர்கள் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் போனார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி–தலைமன்னார் வழி வந்த பிறகு போக்குவரத்து அந்தப் பக்கம் திரும்பியது. மண்டபம் முகாம் அதற்குப் பின் வந்தது. எனவே ‘தம்பி போன கப்பல் பட்டியல்’ என்று தேடி நாளைக் கழிக்க வேண்டாம். தேட வேண்டியது அவர் பேரன் பேத்திகள் குடியுரிமைக்காகக் கொடுத்த காகிதங்களை.

1948 குடியுரிமைச் சட்டம் வந்ததும் மலையகத்தார் எல்லோரும் தாங்கள் எந்த நாட்டவர் என்று எழுத்தில் நிரூபிக்க வேண்டி வந்தது. அந்தக் கொடுமையின் பக்க விளைவாக ஏராளமான குடும்ப விவரம் காகிதத்தில் ஏறியது. இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் நம் அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவின்படி, தானோ பெற்றோரோ பாட்டன் பாட்டியோ இந்தியாவில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். அதற்காக ஊர், தாலுகா, ஜில்லா எழுதினார்கள். 1964 அக்டோபர் 30 சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. வந்தவர்களுக்கு இந்தியக் கடவுச்சீட்டு கிடைத்தது, குடும்ப அட்டையும் கொடுத்தார்கள். கூடலூர்க் குடும்பத்திடம் இந்த இரண்டையும் கேளுங்கள். தாயகம் திரும்பியவர்கள் சலுகைக்கும் சான்றிதழுக்கும் அந்த அட்டையைக் காட்ட வேண்டியிருந்ததால் பத்திரமாகத்தான் வைத்திருப்பார்கள்.

இலங்கைப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருந்தால் அதையும் பாருங்கள். பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் எழுத அதில் ஒரு கட்டம் உண்டு, பூட்டனுக்கும் உண்டு. கட்டம் வெறுமையாக இருப்பதும் ஒரு தகவல்தான். அந்தத் தலைமுறை இந்தியாவில் பிறந்திருக்கலாம், நிரப்பாமல் விட்டிருக்கவும் கூடும்.

ஓர் எச்சரிக்கை. காகிதத்தில் ‘சொந்த ஊர்’ என்று இருப்பது பெரியகங்காணியின் ஊராக இருக்கலாம். மூன்று தலைமுறை லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்தவர்களிடம் திடீரென்று ஊர் கேட்டபோது, ‘எங்க கங்காணி இந்த ஊர், நாங்களும் அங்கேதான்’ என்று சொல்ல இடமுண்டு. எனவே குலதெய்வம் எது, எந்த ஊர்க் கொடைக்கு (கோயில் திருவிழாவுக்கு) பணம் அனுப்பினார்கள் என்று தனியாகக் கேளுங்கள். ஊரும் கோயிலும் ஒரே பக்கம் காட்டினால் நம்பலாம்.

பச்சையாறு எழுதியது:

அண்ணாச்சி, காகிதம் எல்லாம் சேரட்டும். ஊர்ல வந்து கேக்கும்போது எப்படிக் கேக்கணும்ங்கிறதைச் சொல்லுதேன்.

சுடலைமுத்து, இசக்கி ரெண்டுமே தெக்க எல்லா ஊர்லயும் உள்ள பேரு. கோமதி, சங்கரலிங்கம்னா சங்கரன்கோவில் பக்கம்னு சொல்லலாம். சொரிமுத்துன்னா காரையாறு, அம்பாசமுத்திரம் பக்கம். நெல்லையப்பன், காந்திமதின்னா திருநெல்வேலி டவுன் பக்கம். இந்த ரெண்டு பேரை வச்சு அப்படி ஊர் சொல்ல முடியாது. ஆனா வரிசை சொல்லும். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெத்த தாத்தா பேரு வைக்கிறது நம்ம பக்கத்து வழக்கம். அதனால ஒரு பேரு ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வரும். டர்பன்ல சுடலைமுத்துவோட மூத்த மகன் பேரு என்னன்னு கேளுங்க. இசக்கி, இசக்கிமுத்து, இசக்கியப்பன்னு ஏதாவது வந்தா பட்டியல்ல உள்ள தகப்பன் பேரு சரி. கூடலூர்த் தம்பி வீட்டுலயும் மூத்தவன் பேரு அதேதான் இருக்கணும். ரெண்டு வீட்டுலயும் இருந்துச்சுன்னா அது லேசான சாட்சி இல்ல.

ஊருக்கு வந்தா முதல்ல கேக்க வேண்டியது கொடை வரி நோட்டு. சுடலைமாடன் கோயிலா இருந்தாலும் அம்மன் கோயிலா இருந்தாலும் கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பாங்க. கல்யாணம் முடிஞ்ச ஆம்பளை ஒரு தலைக்கட்டு. நோட்டுல இன்னார் மகன் இன்னார்னு வரும், பங்காளி வீடுங்க அடுத்தடுத்து வரும். ஊரை விட்டுப் போனவங்க பேரைக் கொஞ்ச வருஷம் வச்சிருந்துட்டு அப்புறம் எடுத்துருவாங்க. அதனால இப்ப உள்ள நோட்டு போதாது, பழைய நோட்டு வேணும். அது கோயில்ல இருக்காது. முன்ன நிர்வாகம் பாத்தவங்க வீட்டுப் பெட்டியில இருக்கும். கோமரத்தாடி குடும்பத்தையும் பாருங்க. சாமியாடுற உரிமை வழிவழியா வர்றதால அஞ்சாறு தலைமுறைப் பேரு அவங்களுக்கு மனப்பாடம்.

சாஸ்தாவுக்கு வருவோம். பங்குனி உத்திரத்துக்கு ஒவ்வொரு வகையறாவும் தன் சாஸ்தாவைத் தேடிப் போகும். அந்தக் கோயில் இப்ப இருக்கிற ஊர்லயே இருக்கணும்னு இல்ல, பத்து இருபது மைல் தள்ளிக் காட்டுக்குள்ளயோ குளத்தங்கரையிலயோ இருக்கும். பெரும்பாலும் அது அந்தக் குடும்பம் இதுக்கு முன்ன இருந்த ஊரைக் காட்டும். சுடலைக்குப் பிடிமண் எடுத்துட்டு வந்து புதுசா நிலையம் போட்டிருந்தா எங்கே இருந்து பிடிமண்ணுன்னு கேளுங்க, அதுவும் பழைய ஊருதான். உத்திரத்தன்னைக்கு வகையறா முழுசும் சாஸ்தா கோயில்ல கூடியிருக்கும். தனித்தனியா வீடு தேடி அலையுறதை விட அன்னைக்கு ஒரு நாள் அங்க இருந்தா போதும். சுடலை கொடை வேற மாசம், ஊருக்கு ஊர் மாறும்.

கேக்குற விதம் முக்கியம். ‘இசக்கி மகன் சுடலைமுத்து ஆப்பிரிக்கா போனாரே, உங்க வீடுதானே?’ன்னு கேட்டா ‘ஆமா’ன்னுதான் பதில் வரும். வந்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுவாங்க. ‘உங்க பங்காளியில யாராவது ஊரை விட்டுப் போனதுண்டா, எந்தப் பக்கம், அவங்க அப்பா பேரு என்ன’ன்னு கேட்டு அவங்களே சொல்லட்டும். சொன்னதை அப்பவே எழுதுங்க. ரெண்டு பேரைச் சேத்து உக்கார வச்சுக் கேக்காதீங்க, ஒருத்தர் சொன்னதை மத்தவரும் சொல்லிருவாரு.

அதுக்கும் முந்தி, சொத்து கேக்க வரலன்னு வாசல்லயே சொல்லிருங்க. பழைய பேரைச் சொல்லிட்டு வெளிநாட்டுக்காரங்க வந்து நின்னா நிலத்துல பங்கு கேக்க வந்திருக்காங்கன்னுதான் தோணும். அப்படித் தோணிட்டா பத்திரமும் வெளிய வராது, பேரும் வெளிய வராது.

சில சமூகத்துல கிளை (குலப் பிரிவு) தாய் வழியா வரும். அங்க அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே கிளை இருக்காது. டர்பன்காரங்க ஒரு கிளைப் பேரு சொன்னா அது யார் வழியா வந்ததுன்னு கேட்டுட்டுத்தான் பொருத்திப் பாக்கணும்.

தேரிக்காடு எழுதியது:

கோயில் வழியில் தடம் அறுந்தால் தேவாலயப் பதிவேடுகளை விட்டுவிடாதீர்கள். சுடலைமுத்து என்ற பெயரோடு போயிருக்கிறார் என்பதால் ஊரில் இருந்த கூடப்பிறந்தவர்களும் இந்துக்களாகவே இருந்தார்கள் என்று ஆகாது. பழைய நாங்குநேரி தாலுகாவில் சர்ச் மிஷன், எஸ்.பி.ஜி. (இரண்டும் ஆங்கிலேயத் திருச்சபை மிஷன்கள்), கத்தோலிக்கம் மூன்றும் அடர்த்தியாக இருந்தன: களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூர், தெற்கே 1841 முதல் கால்டுவெல் இருந்த இடையன்குடி, வடக்கன்குளம் கத்தோலிக்கப் பங்கு.

வளர்ந்த பிறகு ஞானஸ்நானம் பெற்றவர் பதிவில் பழைய பெயர், புதுப் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் இருந்தால் அதை விட நல்ல ஆவணம் நம் பக்கம் கிடையாது. தேடும்போது ஊரில் இப்போது உள்ள கோயிலுக்குப் போகக் கூடாது, அந்த வருஷத்தில் அந்த ஊர் எந்தத் தாய்ப்பங்கின் கீழ் இருந்தது என்று பார்க்க வேண்டும். பங்கு பிரிந்தாலும் பழைய பதிவேடு தாய்ப்பங்கிலேயே தங்கிவிடும். கத்தோலிக்க மறைமாவட்டமும் மாறியிருக்கிறது: தூத்துக்குடி 1923, பாளையங்கோட்டை 1973. பழைய கத்தோலிக்கப் பதிவுகள் லத்தீனில் இருக்கும். பெயர்களின் முடிவு லத்தீன் இலக்கணப்படி மாறி வரும். லண்டனில் உள்ள சென்னை மாகாணத் திருச்சபைப் பிரதிகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையவை, அங்கே செலவு செய்ய வேண்டாம்.

கடற்கரைக்காரர்கள் யாராவது இந்த இழையைப் படித்தால்: பெர்னாண்டோ, மோத்தா, ரோச், மச்சாடோ இவையெல்லாம் 1530-களில் முத்துக்குளித்துறையில் நடந்த ஞானஸ்நானத்தையும் அதற்குப் பின் வந்த போர்ச்சுகீசியத் தொடர்பையும் ஒட்டி வந்த பெயர்கள். ஒரே கடைசிப் பெயர் என்பதால் ஒரே மூதாதை என்று கொள்ள முடியாது. அங்கே ஊர், பங்கு, ஞானப்பெற்றோர் மூன்றையும் வைத்துத்தான் போக வேண்டும்.

கடனாநதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கூடலூரிலிருந்து பதில் வந்துவிட்டது. குடும்ப அட்டையில் சொந்த ஊர் கூந்தன்குளம், நாங்குநேரி தாலுகா. தம்பியின் மூத்த மகன் பெயர் இசக்கிமுத்து. டர்பனில் மூத்த மகன் பெயரும் இசக்கிதான். ஊரில் ஒரு வீட்டில் பழைய ஒத்திப் பத்திரம் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள். கைபேசியில் படம் எடுத்து அனுப்பினார்கள். ‘கொல்லம் 1046, தை’ என்று தொடங்குகிறது, ‘இசக்கி’ என்று படிக்கக்கூடிய ஒரு பெயர் இருக்கிறது. புள்ளியே இல்லாத எழுத்து. இதை வைத்து முடிவு செய்யலாமா?

தென்கரை எழுதியது:

நெருங்கிவிட்டீர்கள். பத்திரத்தை முதலில் சரியாகப் படித்துவிடுவோம்.

திருநெல்வேலிச் சீமையில் கொல்லம் ஆண்டு சாதாரணமாகப் புழங்கியது. நம் பக்கம் அது ஆவணியில் பிறக்கும். கி.பி. ஆண்டுக்கு, ஆவணியிலிருந்து மார்கழி நடு வரை 824 கூட்டுங்கள், அதற்குப் பிறகு ஆடி வரை 825. எனவே கொல்லம் 1046 தை என்பது 1871 ஜனவரி–பிப்ரவரி. பக்கத்தில் தமிழ் வருஷப் பெயரும் இருக்கும், பாருங்கள். பிரமோதூத என்று இருக்க வேண்டும். 1867 பிரபவ, அடுத்து விபவ, சுக்ல, 1870 சித்திரையில் பிரமோதூத. இரண்டும் ஒத்து வந்தால் ஆண்டை நீங்கள் சரியாகப் படித்திருக்கிறீர்கள். ஒத்து வராவிட்டால் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள். தமிழ் எண்ணில் ௪-ம் ௬-ம் குழம்பும், ௧-ஐக் ககரம் என்றும் ௭-ஐ எகரம் என்றும் வாசித்துவிடுவார்கள். ஆண்டு, மாதம், நாள் இவற்றுக்கு ௵, ௴, ௳ என்று குறி போட்டிருப்பார்கள். ௸ என்று வந்தால் மேற்படி. அதைப் பெயரின் பகுதியாக எடுத்துவிட வேண்டாம்.

புள்ளி இல்லாத எழுத்தில் ‘இசககி’ என்றுதான் இருக்கும். ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி. சந்தேகமான எழுத்தை அதே பத்திரத்தில் நிச்சயமாகத் தெரிந்த சொல்லோடு ஒப்பிடுங்கள். ‘தாலுகா’, ‘கிராமம்’ எப்படியும் வரும். கைபேசிப் படம் போதாது. பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து ஒன்று, நேராக ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். அங்கேதான் பதிவு அலுவலக முத்திரை இருக்கும்: எந்த சப் ரிஜிஸ்தர் ஆபீஸ், எந்தப் புத்தகம், எத்தனையாவது வால்யூம், பக்கம், நம்பர். அது இருந்தால் சான்றிட்ட நகல் கேட்டு மனு போடலாம், சொந்தக்காரரிடமிருந்து பத்திரத்தை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம். 100 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புக்குப் பதிவு கட்டாயம் இல்லை, ஏழைகளின் ஒத்திகள் பல பதிவாகவே இல்லை.

அந்தப் பத்திரத்தில் பார்க்க வேண்டியது இசக்கி யாருடைய மகன், நாலெல்லையில் யார் யார் நிலம், சாட்சிகள் யார் என்பதை. எல்லையில் பங்காளி நிலம் வந்தால் அந்தப் பெயர்களை வரி நோட்டில் தேடலாம். எழுதிக் கொடுத்தவர் இசக்கியா, வாங்கியவரா, சாட்சியா என்பதும் முக்கியம். சாட்சி வேற்றூர்க்காரராகவும் இருக்கலாம்.

நிலப் பதிவேடு பற்றி முதலில் கேட்டீர்களே, இப்போது போகலாம். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கம் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தியது. அதற்கு முந்தியதற்குப் பதிவு அலுவலகத்தில் மனு போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். ஒத்திப் பத்திரத்தை விடப் பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் விடாதீர்கள். பொதுப் பாட்டனில் தொடங்கி யார் யார் பிள்ளைகள், யார் சந்ததியில்லாமல் இறந்தார், யார் தேசாந்திரம் போனார் என்று வம்சமே எழுதியிருப்பார்கள். பழைய செட்டில்மென்ட் பதிவேடுகளுக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் ஆட்சியர் அலுவலகப் பதிவறையும். இனாம் நிலமாக இருந்தால் 1858-க்குப் பின் நடந்த இனாம் விசாரணைப் பதிவேடு பார்க்க வேண்டும், அதில் அனுபவிப்பவர் பெயரும் உரிமை வந்த வழியும் இருக்கும். எட்டயபுரம், சிவகிரி, ஊத்துமலை போன்ற ஜமீன் ஊர்களில் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும் வரை, அரசு நேரடியாகக் கொடுக்கும் ரயத்துவாரிப் பட்டாவே இல்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் தாலுகா அலுவலகத்தில் பழைய பட்டா தேடிக் கிடைக்கவில்லை என்று சோர்ந்துபோவது இதனால்தான்.

முடிவு செய்யலாமா என்றால்: ஊரைப் பொறுத்தவரை செய்யலாம். ஒரு காகிதம் 1890-களில் சென்னை டிப்போவில் அண்ணனுக்காக எழுதியது. இன்னொன்று முக்கால் நூற்றாண்டு கழித்துத் தம்பி வழிக்கு எழுதியது. ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்படவில்லை. தாலுகா, ‘குளம்’ என்ற முடிவு, மூத்த மகன் பெயர் மூன்றும் ஒத்துப்போகின்றன. கப்பல் பட்டியலின் வண்ண நகலில் ஊர்ப்பெயரின் முதலெழுத்து கூந்தன்குளத்துக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். பொருந்தாவிட்டால் கங்காணி ஊர் என்ற எச்சரிக்கை உயிரோடு வந்துவிடும்.

ஆனால் ஒத்திப் பத்திரத்து இசக்கிதான் இவர்கள் இசக்கி என்பது இன்னும் நிரூபணம் ஆகவில்லை. ஒரே ஊரில் ஒரே காலத்தில் மூன்று இசக்கி இருந்திருக்க முடியும், ஒரே வகையறாவிலேயே இருந்திருக்க முடியும். பிள்ளைகளின் பெயரோ பங்காளிப் பெயரோ வரி நோட்டில் இரண்டு இடத்தில் பொருந்தும் வரை வம்சப் படத்தில் அந்தக் கோட்டைப் புள்ளிக் கோடாகவே போட்டு வையுங்கள்.

அண்ணன் தம்பி என்பதை உறுதி செய்ய மரபணுச் சோதனையும் உதவும். சாதாரணச் சோதனையில் வரும் உறவு மதிப்பீட்டை நம் குடும்பங்களுக்கு அப்படியே எடுக்க முடியாது. மாமன் மகள், அத்தை மகள், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டியதால் தூரத்து உறவும் நெருங்கிய உறவாகக் காட்டும். டர்பனில் ஆண் வழியில் ஒருவர், கூடலூரில் ஆண் வழியில் ஒருவர், இரண்டு பேருக்கும் ஒய் குரோமோசோம் சோதனை செய்தால் தெளிவாகும். ஒரே தகப்பனின் மக்கள் வழி என்றால் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். பெரிதாக மாறினால் அண்ணன் தம்பி என்ற வாய்வழிச் செய்தியைத் திரும்ப ஆராய வேண்டும். ஒன்றுவிட்ட சகோதரனையும் சித்தி மகனையும் தம்பி என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஒத்துப்போனால் ஒரே வகையறா என்பது உறுதி, கூடப்பிறந்த தம்பிதான் என்பதற்குக் காகிதமும் வேண்டும். பிள்ளை குடும்பத்திலும் ஆண் வழியில் ஒருவர் சம்மதித்தால் அதே சோதனையில் சேர்த்துவிடலாம்.

பங்குனிக்கு வரும்போது கப்பல் பட்டியல், குடும்ப அட்டை நகல்களோடு, தெரிந்த பெயர்களைத் தலைமுறை வரிசையில் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி நாலு பிரதி எடுத்து வரச் சொல்லுங்கள். ஒன்று கோயில் நிர்வாகியிடம், ஒன்று கோமரத்தாடி வீட்டில், ஒன்று ஒத்திப் பத்திரம் வைத்திருப்பவரிடம், ஒன்று கூடலூருக்கு. தங்கள் பெயர் எங்கே வரும் என்று அவர்களே பார்த்துத் திருத்திக் கொடுப்பார்கள்.